நால்வர் போதும்: சூப்பர் பவுலில் குவாட்டர்பேக் சந்திக்கும் நெருக்கடி

அமெரிக்கக் கால்பந்தின் பெரிய ஆட்டமான சூப்பர் பவுலில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் தோற்றால் அவர் பதறிவிட்டார் என்பார்கள். வென்றால் நெஞ்சுரம் மிக்கவர் என்பார்கள். இந்தத் தீர்ப்பு ஆட்டத்தின் கணக்கைப் பார்ப்பதில்லை. நெருக்கடியைச் சமாளிப்பது ஒருவரின் குணத்தைப் பொறுத்தது என்பதைவிட, எதிரணி எத்தனை பேரை அனுப்பி அதை உண்டாக்குகிறது என்பதைப் பொறுத்தது.

தடுக்கும் அணியில் 11 பேர். அவர்களில் ஆறு பேர் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தால், அதாவது பிளிட்ஸ் வந்தால், பின்னால் ஐவரே மிஞ்சுவார்கள். எங்கோ ஓர் இடம் காலியாகும். தேர்ந்த குவாட்டர்பேக் அதை முன்கூட்டியே கணித்து அங்கே பந்தை எறிந்துவிடுவார். நால்வர் மட்டுமே பாய்ந்து, அவரைக் காக்கும் ஐந்து பேர் கொண்ட காவல் வரிசையை உடைத்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. ஏழு பேர் பின்னால் காத்திருக்க, எறிவதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

2007 பருவத்தில் குவாட்டர்பேக் டாம் பிரேடி 50 டச்டவுன் பாஸ்கள் எறிந்தார். 18 ஆட்டங்களையும் வென்று வந்த அவரது பேட்ரியட்ஸ் அணி, 2008 பிப்ரவரி 3 அன்று சூப்பர் பவுலில் ஜயன்ட்ஸிடம் 14–17 எனத் தோற்றது. அன்று பிரேடி ஐந்து முறை பந்துடன் வீழ்த்தப்பட்டார்; அவற்றில் நான்கு ஜயன்ட்ஸின் முன்வரிசை வீரர்கள் செய்தவை.

சீஃப்ஸ் அணியின் குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸின் சான்று இன்னும் வலுவானது. 2021 பிப்ரவரியில் டாம்பாவில் சூப்பர் பவுல் ஆடியபோது சீஃப்ஸின் காவல் வரிசையில் இரு ஓரத்து வீரர்களும் காயத்தால் இல்லை. எதிரணியான பக்கனியர்ஸின் தடுப்புப் பயிற்சியாளர் டாட் போல்ஸ் பிளிட்ஸை அரிதாகவே பயன்படுத்தினார். மஹோம்ஸ் ஓடிக்கொண்டே இருந்தார். ஒருமுறை தரைக்கு இணையாக விழுந்துகொண்டே அவர் எறிந்த பந்து, சக வீரரின் முகக்கவசத்தில் பட்டு நழுவியது. அதைவிடச் சிறந்த எறிதலைக் கேட்பது அநியாயம். சீஃப்ஸ் 9–31 எனத் தோற்றது. ஒரு டச்டவுனும் இல்லை.

அந்த ஆண்டே சீஃப்ஸ் தன் காவல் வரிசையைப் புதிதாகக் கட்டியது. 2023 சூப்பர் பவுலில், பருவம் முழுதும் 70 முறை குவாட்டர்பேக்குகளை வீழ்த்தியிருந்த ஈகிள்ஸால் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. கணுக்காலில் காயம் இருந்தும் அவர் 38–35 என வென்றார். வழுக்கிய புல்தரையும் ஈகிள்ஸின் பாய்ச்சலைத் தளர்த்தியது என்பதை மறைக்கக் கூடாது. 2025 சூப்பர் பவுலில் அதே ஈகிள்ஸ், தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோவின் திட்டப்படி ஒரு பிளிட்ஸும் அனுப்பாமல் அவரை ஆறு முறை வீழ்த்தி, 40–22 என வென்றது. மனிதர் ஒருவரே; மாறியது அவருக்கு முன்னால் நின்ற சுவர்.

குவாட்டர்பேக் ஜோ பர்ரோ இதற்கு மறுப்பாகத் தோன்றலாம். 2022 ஜனவரியில் டைட்டன்ஸ் அவரை ஒன்பது முறை வீழ்த்தியும் அவரது பெங்கால்ஸ் 19–16 என வென்றது. ஆனால் டைட்டன்ஸின் குவாட்டர்பேக் எறிந்த மூன்று பந்துகளைப் பெங்கால்ஸின் தடுப்பணி பறித்திருந்தது. அந்த வெற்றியைப் பர்ரோவின் துணிவுக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது. மூன்று வாரத்தில் வந்த சூப்பர் பவுலில் ராம்ஸ் அவரை ஏழு முறை வீழ்த்தியது. 20–23 எனப் பின்தங்கியிருந்த கடைசி வாய்ப்பில் பெங்கால்ஸின் ஜமார் சேஸ் தன் காவலரைத் தாண்டி ஓடிவிட்டார். அவருக்குப் பந்தை அனுப்பும் முன்பே ராம்ஸின் ஆரன் டொனால்ட் பர்ரோவைப் பற்றிச் சுழற்றிவிட்டார்.