பேயார்ட் ரஸ்டினும் அவருடைய நண்பர்களும்

1963 ஆகஸ்ட் 13. வாஷிங்டன் பேரணிக்கு இன்னும் பதினைந்து நாட்கள். அமெரிக்க செனட்டில் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் எழுந்தார். பேரணியை ஏற்பாடு செய்யும் பேயார்ட் ரஸ்டின் கம்யூனிஸ்டாக இருந்தவர், போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர், ஒழுக்கக்கேட்டுக்காகக் கைதானவர் என்று அடுக்கினார். 1953இல் கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில் ரஸ்டின் கைதான போலீஸ் பதிவையும் அவைக் குறிப்பில் ஏற்றினார். ரஸ்டின் தன்பாலீர்ப்பாளர் என்பதை இதற்குமேல் பகிரங்கமாகச் சொல்ல முடியாது.

இனி அவர் விலகிவிடுவார் என்று எதிரிகள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. இதற்கு முன் இரண்டு முறை அப்படித்தான் நடந்திருந்தது. மூன்றாம் முறை நடக்கவில்லை. எதிரிகள் அதேபோன்றவர்கள்தான், குற்றச்சாட்டும் அதேதான். மாறியது நண்பர்கள்.

நான் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கியதற்குச் சொந்தக் காரணம் உண்டு. நான் கிறிஸ்தவன், தன்பாலீர்ப்பாளன். சர்ச்ல, "ரெண்டுல ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும் தம்பி" என்பார்கள். அரசியல் நண்பர்களோ, "இன்னுமா அந்த சர்ச்சுக்குப் போற?" என்பார்கள். இரண்டு பக்கமும் என் நன்மைக்காகத்தான் பேசுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விசுவாசம், அரசியல், காதல் மூன்றையும் ஒரே ஆளாக இருந்து சுமந்த ஒருவரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரஸ்டினை நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

ரஸ்டின் 1912இல் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் பிறந்தார். தாய்க்குக் கல்யாணமாகவில்லை, சின்னப் பெண். அதனால் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். பெற்ற தாயை அக்கா என்றே சிறுவயதில் நம்பியிருந்தார். பாட்டி ஜூலியா குவேக்கர் வழியில் வளர்ந்தவர். குவேக்கர்கள் தங்களை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொள்ளும் கிறிஸ்தவப் பிரிவினர். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு, ஆகவே யாரையும் கொல்லக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. பையன்களோடு இருக்கத்தான் தனக்குப் பிடிக்கிறது என்று பேரன் சொன்னபோது, பாட்டி அதை ஒரு பெரிய விஷயமாக்கவில்லை. உனக்கு அப்படித்தான் என்றால் அப்படியே இருந்துவிட்டுப் போ என்கிற பாவனையில் கடந்துவிட்டாராம். 1920களில், கறுப்பினக் குடும்பத்தில், ஒரு கிறிஸ்தவப் பாட்டி! பிற்காலத்தில் அவரைச் சுற்றி நின்ற எத்தனையோ படித்த மனிதர்களுக்கு இந்த எளிமை வரவில்லை.

பாட்டியின் விசுவாசம் பேரனிடம் அரசியலாக மாறியது. 1941இல் கிறிஸ்தவ அமைதிவாதிகளின் அமைப்பான ஃபெல்லோஷிப் ஆஃப் ரிகன்சிலியேஷனில் வேலைக்குச் சேர்ந்தார். ரிகன்சிலியேஷன் என்பதை நம் வேதாகமத்தில் 'ஒப்புரவு' என்று வாசிக்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது, குவேக்கர் என்ற முறையில், ராணுவத்துக்குப் பதிலாக வேறு பொதுப்பணி செய்து தப்பித்திருக்கலாம். அதுவும் போருக்கு உதவிதான் என்று மறுத்து, 1944இல் சிறை சென்றார். பேருந்துகளில் இனப் பிரிவினையை மீறிப் பயணம் செய்ததற்காக 1949இல் வட கரோலினாவில் 22 நாட்கள் சங்கிலிக் கைதியாகச் சாலை வேலை செய்தார். இந்த இரண்டுக்கும் இடையில், காந்தி கொல்லப்பட்ட 1948ஆம் ஆண்டின் கடைசியில், இந்தியா வந்து காந்தியவாதிகளைச் சந்தித்துவிட்டுப் போனார்.

பிறகு பசடீனா. 1953 ஜனவரியில், ஊரில் கூட்டம் பேசிவிட்டு வந்த இரவில், நிறுத்தியிருந்த காரில் இரண்டு ஆண்களுடன் இருந்தபோது கைதானார். 60 நாள் தண்டனை. அவர் வேலை செய்த அமைப்பின் தலைவர் ஏ. ஜே. மஸ்டி, போதகராக இருந்தவர், ரஸ்டினுக்குத் தந்தை ஸ்தானத்தில் இருந்தவர். ஒப்புரவைப் பெயரிலேயே வைத்திருந்த அந்த அமைப்பில் ரஸ்டினுக்கு இடமில்லாமல் போயிற்று. பன்னிரண்டு வருட உழைப்பு அவ்வளவுதான்.

இது அதோடு நிற்கவில்லை. 1955இல் குவேக்கர்களின் சேவை அமைப்பு ஒரு முக்கியமான அமைதிப் பிரசுரத்தை வெளியிட்டது. 'அதிகாரத்திடம் உண்மையைப் பேசு' என்று பொருள்படும் தலைப்பு. எழுதியவர்களில் ரஸ்டினும் ஒருவர். ஆனால் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தன்னால் பிரசுரத்தின் மதிப்பு கெடக் கூடாது என்று அவரும் ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பெயர் திரும்பச் சேர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உண்மையைப் பேசச் சொல்லும் ஒரு நூல் தன் முதல் பக்கத்திலேயே ஓர் உண்மையை விழுங்க வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் பழக்கமான ஏற்பாடு இது. பாடகர் குழுவுக்கு ஆள் வேண்டும், வாலிபர் கூட்டத்துக்கு ஆள் வேண்டும், வெள்ள நிவாரணத்துக்கு அரிசி மூட்டை தூக்க ஆள் வேண்டும். நாமும் போவோம். ஆனால் பெயர் போடுகிற இடம் வரும்போது, "நீங்க கொஞ்சம் பின்னால இருங்க, யாராவது ஏதாவது சொல்லுவாங்க." யாரும் விரட்டுவதில்லை. அதனால் கோபப்படவும் முடிவதில்லை.

1956 பிப்ரவரியில் ரஸ்டின் மாண்ட்கோமரி போனார். பேருந்துப் புறக்கணிப்பை நடத்திக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது 27 வயது. அவர் வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன. ரஸ்டினோடு வந்தவர் உட்காரப்போன நாற்காலியிலேயே ஒன்று கிடந்தது. அகிம்சையைப் போராட்ட உத்தியாக மட்டும் கொள்ளாமல் வாழ்க்கை முறையாகவே கொள்ள வேண்டும் என்று கிங்கிடம் வாதிட்டவர்களில் ரஸ்டின் முக்கியமானவர். ஆனால் தன் கடந்தகாலம் வெளியே வந்தால் போராட்டத்துக்குக் கெட்ட பெயர் என்று சில நாட்களிலேயே ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

இரண்டாம் அடி 1960இல். ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே ஆர்ப்பாட்டம் நடத்த கிங்கும் ரஸ்டினும் திட்டமிட்டிருந்தார்கள். அதைக் கைவிட வைக்க, கறுப்பினத் தலைவரான ஆடம் கிளேட்டன் பவல் மிரட்டல் அனுப்பினார். கிங்குக்கும் ரஸ்டினுக்கும் தகாத உறவு என்று பரப்பிவிடுவேன் என்பதே அந்த மிரட்டல். கலப்படமில்லாத பொய். பவல் நாடாளுமன்ற உறுப்பினர் மட்டுமல்ல, ஹார்லெமின் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் சபையின் போதகரும்கூட. ரஸ்டின் விலகல் கடிதம் கொடுத்தார். கிங் தடுப்பார் என்று மனதுக்குள் எதிர்பார்த்தார். கிங் தடுக்கவில்லை. இதனால் கிங் இளைஞர்களிடம் தார்மீக மதிப்பை இழந்தார் என்று ஜேம்ஸ் பால்ட்வின் மறு வருடம் வெளிப்படையாக எழுதினார்.

கிங்கைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் தோளில் அப்போது ஓர் இயக்கமே இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவலின் மிரட்டலுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? எப்படியும் நண்பர்கள் பயந்து கைவிடுவார்கள் என்கிற நம்பிக்கையிலிருந்து வந்தது.

மறுபடியும் 1963க்கு வருவோம். பேரணிக்கு ரஸ்டின் தலைமை தாங்குவதை ராய் வில்கின்ஸ் போன்ற தலைவர்கள் எதிர்த்தார்கள். மூத்த தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ரேண்டால்ஃப் ஒரு தந்திரம் செய்தார். தலைமையைத் தானே ஏற்று, துணைவராக ரஸ்டினை நியமித்தார். இரண்டு மாதத்துக்கும் குறைவான அவகாசத்தில் ரயில், பேருந்து, கழிப்பறை, குடிநீர், ஒலிபெருக்கி எல்லாம் ரஸ்டினின் பொறுப்பு. வெயிலில் கெட்டுப்போகாத ரொட்டி எது என்பதுவரை யோசித்தார். வேர்க்கடலை வெண்ணெயும் ஜாமும் தடவியதைக் கொண்டுவாருங்கள் என்றது பேரணிக் கையேடு.

அந்த நேரத்தில்தான் தர்மண்டின் பேச்சு. ரேண்டால்ஃப், ஒரு கறுப்பின மெத்தடிஸ்ட் போதகரின் மகன், தலைவர்கள் சார்பில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். ரஸ்டினின் நேர்மைமீது தங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு என்றார். கிறிஸ்தவ ஒழுக்கம் என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதனின் அந்தரங்கத்தைக் குதறுகிறவர்களைக் கண்டித்தார். எதிர்த்த வில்கின்ஸும் இம்முறை கூடவே நின்றார். கிங்கும் நின்றார். அவ்வளவுதான். குற்றச்சாட்டு புஸ்வாணமானது. ஆகஸ்ட் 28 அன்று சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். அடுத்த வாரம் லைஃப் பத்திரிகையின் அட்டையில் கிங் இல்லை, ரேண்டால்ஃபும் ரஸ்டினும் இருந்தார்கள்.

அன்று ஒழுக்கம் பேசிய தர்மண்டுக்கு, வீட்டில் வேலை செய்த கறுப்பினச் சிறுமி மூலம் ஒரு மகள் உண்டு என்பது, அவர் இறந்தபின் 2003இல் அந்த மகளே சொல்லி உலகுக்குத் தெரிந்தது.

ரஸ்டினைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கு இல்லை. வியட்நாம் போரை அவர் போதுமான அளவு எதிர்க்கவில்லை என்று பழைய தோழர்களே கசந்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் கடைசிப் பத்தாண்டுகளில் அவர் ஒளிந்து வாழவில்லை. 1977இல் வால்டர் நேகிளைச் சந்தித்தார். திருமணம் செய்ய அன்று சட்டமில்லை. தனக்குப் பின் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக 1982இல் அவரை மகனாகத் தத்தெடுத்தார்! அதற்காக நேகிளின் தாய், மகன்மீது தனக்கு இனி உரிமையில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வீட்டைப் பார்வையிட ஒரு சமூகப் பணியாளரும் வந்துபோனார். 1980களில் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர் உரிமைச் சட்டத்துக்காக ரஸ்டின் வெளிப்படையாகப் பேசினார். 1987 ஆகஸ்ட் 24 அன்று இறந்தார். பசடீனா வழக்கில் கலிஃபோர்னியா ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2020இல்.

நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆம் பிரிவைப் பகுதியளவில் செல்லாததாக்கியபோது, சட்டத்துக்கு முன் நான் குற்றவாளி இல்லை என்றானது. சபைக்குள் வசனங்களைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் நடக்கிறது. நடக்கட்டும், நானும் அதில் பேசுவேன். ஆனால் ரேண்டால்ஃப் அன்று எந்த வசனத்துக்கும் விளக்கம் எழுதவில்லை. வேலை செய்தவனின் பெயரை மறைக்காமல், பத்திரிகைக்காரர்களுக்கு முன் வந்து, இவர் எங்களோடுதான் இருக்கிறார் என்று சொன்னார். வாக்குவாதம் முடியும்வரை காத்திருக்காமலே ஒரு சபையால் இதைச் செய்ய முடியும்.