பம்பாயில் தமிழர் குடியேறிய வரலாறு

மும்பையில் தமிழர் மிகுந்து வாழும் பகுதிகள் எவை என்று கேட்டால், தாராவி, மாதுங்கா, செம்பூர் என்னும் மூன்று பெயர்களே முதலில் நினைவிற்கு வரும். மூன்றும் ஒன்றற்கொன்று சில மைல் தொலைவிற்குள் அமைந்தவை. ஆயினும் இம்மூன்றிடத்தும் தமிழர் ஒரே காலத்தில் வந்தவரல்லர். ஒரே வழியாக வந்தவருமல்லர். தாராவிக்குத் தோல் தொழில் வழியாயிற்று. மாதுங்காவிற்குத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் வழியாயின. செம்பூருக்குப் பொறியியற் கல்வியும் விஞ்ஞானப் பட்டமும் வழியாயின. இவ்வாறு வந்தவர்கள் எங்ஙனம் அந்நகரின் நிலையான குடிகள் ஆயினர், சட்டம் அவர்களை எவ்விடத்து ஏற்றது, எவ்விடத்துத் தயங்கிற்று என்பதே இப்பேச்சின் பொருள். 1995-ஆம் ஆண்டில் பம்பாய் என்னும் பெயர் மும்பை என மாற்றப்பெற்றது. அதற்கு முந்திய நிகழ்ச்சிகளைக் கூறுங்கால் அக்காலத்துப் பெயரையே வழங்குகிறேன்.

முதலில் இருப்புப்பாதையைச் சொல்ல வேண்டும். 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தானா வரையில் முதல் ரயில் ஓடிற்று. பின்னர் அப்பாதை மலைகளைக் கடந்து தென்கிழக்கே நீண்டு, 1871-இல் ராய்ச்சூரில் சென்னை ரயில்வேயின் பாதையோடு இணைந்தது. அதற்கு முன் தமிழ்நாட்டிலிருந்து பம்பாய் செல்வது கப்பலிலும் வண்டியிலும் பல நாள் அலையும் பயணமாக இருந்தது. அதன் பின்னரோ ஒரு சீட்டு வாங்கும் பணமும், போய்த் தங்குவதற்கு ஓர் உறவினர் விலாசமும் கையிலிருந்தால் போதும் என்னும் நிலை வந்தது.

தாராவி அந்நாளில் கோலி இன மீனவரின் சிற்றூர். 1909-இல் வெளிவந்த பம்பாய் நகர விவரச்சுவடி, கோலியரின் பெரிய குடியிருப்புகளுள் ஒன்றாக அதனைக் குறிக்கிறது. உப்பங்கழியும் சேறும் சூழ்ந்த அந்நிலத்தில் 1887-இல் முதல் தோல் பதனிடும் தொழிற்சாலை எழுந்தது. நகரத்திற்குள் நாற்றமுடைய தொழிலை வைத்துக்கொள்ள எவரும் விரும்பவில்லை. ஆதலின் அது நகரின் விளிம்பிற்கு வந்தது. பாந்திராவில் இருந்த ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடங்களிலிருந்து தோல் எளிதில் கிடைத்தது. ஆனால் தோலைச் சுண்ணாம்பிலிட்டு, மயிர் களைந்து, பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பக்குவம் பார்த்து எடுக்கும் கைத்திறன் எல்லோர்க்கும் வருவதன்று. அத்திறன் தமிழ்நாட்டில் இருந்தது. ஆவாரம்பட்டையால் தோல் பதனிடும் தொழிலில் பழகிய திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம் வணிகர்கள் தாராவியில் தொழில் தொடங்கினர். அவர்களைத் தொடர்ந்து அதே சீமையின் ஆதிதிராவிடத் தொழிலாளர் வந்தனர். 1887-இல் தொடங்கிய பெரிய பள்ளிவாசலும் 1913-இல் எழுந்த கணேசர் கோயிலும் அக்குடியேற்றக் காலத்தின் சான்றுகள். ஒரு மக்கட்கூட்டம் வழிபாட்டிற்கென்று கட்டடம் எழுப்பிற்று என்றால், அது திரும்பிப் போகும் எண்ணத்தைத் தளர்த்திக் கொண்டது என்றே நாம் கொள்ளலாம்.

மாதுங்காவின் கதை வேறு. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நெருக்கடியைக் குறைக்கும் பொருட்டு 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு நிறுவப்பெற்றது. அது வகுத்த திட்டங்களுள் தாதர் மாதுங்காத் திட்டமும் ஒன்று. அகன்ற தெருக்களும், காற்றோட்டமுள்ள அடுக்கு வீடுகளும், அருகிலேயே ரயில் நிலையமும் அமைந்த அப்பகுதி, அலுவலகம் செல்லும் நடுத்தர வகுப்பாருக்கென்றே அமைந்தாற்போல இருந்தது. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்றோர் தொகை பெருகிற்று. அங்கே வேலைகளோ அவ்வளவு பெருகவில்லை. பம்பாயிலோ ரயில்வே அலுவலகங்களும், வங்கிகளும், வாணிக நிறுவனங்களும் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதுவோரையும் கணக்கு வைப்போரையும் தேடிக்கொண்டிருந்தன. தஞ்சாவூரிலும் பாலக்காட்டிலும் தட்டச்சுப் பள்ளிக்குச் சென்று, சுருக்கெழுத்தில் தேர்ச்சி பெற்ற இளைஞர், உறவினரது வீட்டுத் தாழ்வாரத்தில் படுக்கை விரித்து வேலை தேடினர். வேலை கிடைத்ததும் நால்வராகச் சேர்ந்து ஓர் அறை. மணமானதும் தனி வீடு. குழந்தை பிறந்ததும் பள்ளிக்கூடம் என்னும் கவலை. இக்கவலைக்கு விடையாக 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. சபைகளும் பஜனைக் கூடங்களும் உணவு விடுதிகளும் உடன் வளர்ந்தன. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபை 1963-இல் தன் பெரிய அரங்கைத் திறந்தது.

செம்பூர் சுதந்திரத்திற்குப் பின் வளர்ந்தது. பிரிவினையால் அகதிகளாக வந்தோர்க்கு அங்கே முகாம் அமைந்தது. அடுத்து, அதனையடுத்த டிராம்பேயில் தொழில்கள் எழுந்தன. 1954-லும் 1955-லும் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். 1954-இல் அணுசக்தி நிலையம், அதுவே 1967-இல் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பெற்றது. பின்னர் உரத் தொழிற்சாலை. அணுசக்தி நிலையம் 1957-இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, நாடெங்கிலுமிருந்து விஞ்ஞான, பொறியியற் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்தது. தாராவிக்கு வந்தவரை அழைத்தவர் உறவினர். மாதுங்காவிற்கு வந்தவரை அழைத்தது பத்திரிகையின் ‘தேவை’ விளம்பரம். செம்பூருக்கு வந்தவரை அழைத்தது மத்திய அரசாங்கத்தின் நியமனக் கடிதம்.

இனி, சட்டத்தின் பக்கம் செல்வோம். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நமது அரசியற் சட்டம், இந்தியா முழுமைக்கும் ஒரே குடியுரிமையை வகுத்தது. அதன் 19-ஆவது பிரிவு, நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், எப்பகுதியிலும் தங்கி வாழவும் குடிமக்களுக்கு உரிமை வழங்குகிறது. 16-ஆவது பிரிவு, ஒருவர் பிறந்த இடத்தையோ வாழும் இடத்தையோ காரணமாகக் காட்டி அரசாங்கப் பணியை மறுத்தலாகாது என்கிறது. எனினும், வாழும் இடம் பற்றி நிபந்தனை விதிக்க நாடாளுமன்றத்திற்கு மட்டும் ஒரு விலக்குரிமை தந்தது.

அன்று மாநிலங்கள் பலவற்றில் ‘டொமிசைல்’ விதிகள் இருந்தன. இச்சொல்லை மொழிபெயர்ப்போர் படும் பாடு சிறிதன்று. வதிவிடம் என்றால் இன்று தங்கியிருக்கும் இடம் என்றே பொருள்படும். சட்டம் கருதுவதோ, ஒருவன் நிலையாக வாழும் கருத்தோடு தன் இல்லமாகக் கொண்ட இடத்தை. ‘குடி’ என்னும் நம் பழஞ்சொல் இரண்டையும் ஒருங்கே உணர்த்துகிறது. 1955-இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்புக் குழு, இத்தகைய விதிகள் மொழிச் சிறுபான்மையோர்க்குத் தீங்கு பயப்பதைச் சுட்டிக் காட்டிற்று. 1957-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அரசாங்கப் பணிகளில் வதிவு நிபந்தனைகளை நீக்கிற்று. தெலங்கானா, இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா ஆகிய பகுதிகளுக்கு மட்டும் தற்காலிக விலக்கு இருந்தது. அச்சட்டம் 1959 மார்ச்சு 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதன் அருமையை உணரப் பிற நாடுகளைச் சற்று நோக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்த தமிழர், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டது. கனடா 1967 முதல் கல்வி, தொழில், மொழியறிவு, வயது ஆகியவற்றிற்கு மதிப்பெண் இட்டுக் குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கிறது; 1990-களின் இறுதியிலிருந்து அதன் மாகாணங்களும் தமக்கு வேண்டிய தொழிலாளரையும் பட்டதாரிகளையும் தாமே பரிந்துரைக்கின்றன. ஆஸ்திரேலியா 2019 முதல், பெருநகர்களை விட்டுப் பிற வட்டாரங்களில் மூன்றாண்டு வாழ்ந்து உழைக்கும் தொழில்வல்லார்க்கு நிலையான வதிவுரிமை பெறும் வழியைத் தருகிறது. அந்நாடுகளில் நிபந்தனைகள் வெளிவாயிலிலேயே எழுதப்பட்டுள்ளன. நம் நாட்டிலோ வெளிவாயில் திறந்தே கிடக்கிறது; உள்ளே சென்ற பின்னரே நிபந்தனைகள் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன.

1960 மே முதல் நாள் மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. அதன் தலைநகரில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவாகவே இருந்தனர். எழுத்தர், சுருக்கெழுத்தாளர் பதவிகளில் தென்னிந்தியர் மிகுந்திருப்பதைக் கண்டு, படித்த மராத்தி இளைஞர் மனம் வருந்தினர். அவ்வருத்தத்தைப் பொருளற்றதென்று தள்ளிவிட இயலாது. வேலையில்லாத பட்டதாரியின் துயரத்தை, அதே துயரால் ஊரைவிட்டு வந்த தமிழர் அறியாதவரல்லர். ஆனால் 1966 ஜூன் 19-இல் பால் தாக்கரே நிறுவிய சிவசேனை, அவ்வருத்தத்தைத் தென்னிந்தியர்க்கு எதிரான கிளர்ச்சியாக மாற்றிற்று. கடைகளும் உணவு விடுதிகளும் தாக்கப்பட்டன. அரசாங்கமும், உள்ளூராருக்கு முன்னுரிமை தருமாறு தொழிலகங்களை வலியுறுத்தலாயிற்று. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கப் பணிகளைப் பற்றியதேயன்றித் தனியார் நிறுவனங்களைப் பற்றியதன்று.

உள்ளூரார் என்பவர் யார்? மகாராஷ்டிரத்தில் இதற்குப் பொது அளவாக அமைந்தது 15 ஆண்டு வாழ்வு. வதிவுச் சான்றிதழ் வேண்டுவோர் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தமைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். இவ்வளவு கடுமையானதாயினும், அது பிறப்பைக் கேட்கவில்லை, காலத்தையே கேட்டது. மாதுங்காவில் வாழ்ந்தவரிடம் வாடகை ரசீதும், பள்ளிச் சான்றிதழும், அலுவலக ஆவணமும் இருந்தன. தாராவியில் வாழ்ந்தவரிடம் இருந்தவை சில; பல வேளைகளில் ஒன்றுமில்லை.

ஏழைக்கு ஆவணம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1976 காட்டிற்று. அவ்வாண்டு ஜனவரி 4-ஆம் நாள் மாநில அரசாங்கம் குடிசைப் பகுதிகளில் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை வழங்க ஏற்பாடு செய்தது. அட்டை பெற்றவர்க்கு, குடிசை அகற்றப்படின் மாற்றிடம் கோரும் ஆதாரம் கிடைத்தது. நடைபாதையில் வாழ்ந்தோர்க்கு அதுவும் எளிதாகக் கிட்டவில்லை. சேலத்திலிருந்து 1961-இல் வறட்சியால் வேலையிழந்து வந்த நிலமற்ற உழவுத் தொழிலாளி ஒருவரின் வரலாறு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் நாட்கூலியாக உழைத்த அவர், நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்ட ஒரு கூரைக்கு 2,500 ரூபாய் ஒரு முரடனுக்கு அழுதார். 1981 ஜூலை 23-இல் நகராட்சி அதனை இடித்து, அவரையும் மனைவி மக்களையும் சேலத்திற்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பிற்று. இருபது ஆண்டுகள் அந்நகரில் உழைத்தவர் அவர். மனைவியையும் மூன்று பெண்களையும் ஊரில் விட்டு, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி, மீண்டும் ஒரு நடைபாதையிலேயே தங்கினார்.

1985 ஜூலையில் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பிழைப்பிற்கான உரிமை உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்று அறிவித்தது. எனினும் நடைபாதையை அகற்ற நகராட்சிக்கு அதிகாரம் உண்டென்றும் கூறிற்று. 1976-ஆம் ஆண்டுக் கணக்கில் இடம்பெற்றவர்க்கு மாற்றிடம் தருமாறு பணித்தது. அன்று முதல் குடிசைவாசியின் உரிமை ஒரு தேதியைப் பற்றியே நிற்கிறது. அத்தேதி பின்னர் 1995 ஜனவரி 1 ஆகவும், 2000 ஜனவரி 1 ஆகவும் நகர்ந்தது. 2004-இல் அறிவிக்கப்பட்ட தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திலும், இலவச வீட்டிற்கு உரியவர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் இத்தேதியே பெரிதும் ஆராயப்படுகிறது.

இன்னுமொரு தடை ஆதிதிராவிட மக்களைச் சார்ந்தது. 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு ஒரு வழக்கைத் தீர்த்தது. ஆந்திரத்தில் பழங்குடியாக அறிவிக்கப்பட்ட குலத்தில் பிறந்து, தந்தையோடு இளமையிலேயே பம்பாய்க்கு வந்து பயின்ற மாணவர் ஒருவர், அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். பட்டியல் என்பது அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது. மாநிலம் மாறியவர்க்கு அவ்வுரிமை உடன் வாராது என்பது தீர்ப்பு. 2018-இல் இக்கொள்கை மேலும் உறுதியாயிற்று. ஆகவே தாராவியிற் பிறந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை, பாட்டனாரின் ஊரிற் பெறக்கூடிய சலுகையைத் தான் வாழும் மாநிலத்தில் கோருதல் அரிதாயிற்று. தீண்டாமையின் வடு மட்டும் மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. இது நாடாளுமன்றம் ஆய்ந்து தீர்க்க வேண்டிய பெரிய வினா என்றே எண்ணுகிறேன்.

பட்டதாரிகளைப் பொறுத்தவரை நிலை சற்றுத் தெளிவடைந்துள்ளது. இந்தியாவில் ஒரே குடிவதிவுதான் உண்டு, மாநிலத்திற்கென்று தனிக் குடிவதிவு இல்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. அக்கருத்தை 2025 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்தி, மருத்துவ மேற்படிப்பில் வதிவு பற்றிய ஒதுக்கீடு செல்லாதென்று தீர்ப்பளித்தது. இளநிலைப் படிப்பிற்கு ஓரளவு வதிவு முன்னுரிமை இன்னும் உண்டு.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. பள்ளிச் சான்றிதழ், வாடகை ரசீது, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியலின் பதிவு ஆகியவற்றைத் தூசி தட்டிப் பத்திரப்படுத்துக. நீங்கள் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி உங்களுக்காகப் பேசுபவை அவையே. வாழும் மாநிலத்தின் மொழியைப் பிழையறக் கற்றுக்கொள்க. பிள்ளைகளுக்கும் தமிழோடு அதனைக் கற்பியுங்கள். அண்டை வீட்டாரின் துயரை அவர் மொழியிலேயே கேட்டறிந்தவரை, அயலார் என்று ஒதுக்குவது எவர்க்கும் அவ்வளவு எளிதன்று.