சென்னைப் பெருநகர முழுமைத் திட்டம்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே சாலை, எந்த நிலத்தைத் தொடவே கூடாது என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வரையறுக்கும் சட்டபூர்வ ஆவணம். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) இதைத் தயாரிக்கிறது. முதல் திட்டம் 1970களில் வந்தது. 1,189 சதுர கி.மீ. பரப்புக்கான இரண்டாம் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்காண்டு 2026. மூன்றாம் திட்டம் 2046 வரைக்குமானது.

இரண்டாம் திட்டம் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் சதுப்பின் பெரும்பகுதி அதற்கு முன்பே குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடங்களாகவும் சுருங்கிவிட்டிருந்தது. தெற்கே பல ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கும் இடம் அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னைப் புறநகர்கள் மூழ்கியதற்கு இந்தச் சுருக்கமும் ஒரு முக்கியக் காரணம். 2022இல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

குடியிருப்பும் போக்குவரத்தும் தனித்தனியாகத் திட்டமிடப்பட்டதன் விளைவைத் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்தில் பார்க்கலாம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு அங்கே அடுக்குமாடி வீடு கிடைத்தது. நடந்துபோய்ச் செய்துவந்த வீட்டுவேலைக்கு இப்போது விடியலிலேயே பஸ் பிடிக்க வேண்டும். பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றையும் இணைக்கும் கும்டா அமைப்புக்கான சட்டம் 2010இலேயே இயற்றப்பட்டும், அதன் முதல் கூட்டம் 2022இல்தான் நடந்தது. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பயணிகளே.