90 நாள் – அத்தியாயம் 7: ஐம்பது மார்க்

போன வாரம் நம் கடைக்காரரைக் கம்பாலாவில் கனடா ஆபீஸ் வாசலில் நிற்க வைத்துவிட்டுப் போனோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறார். உள்ளே கூப்பிட்டுவிடலாம்.

அவருக்குப் பெயர் கிடையாது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1972-இல் உகாண்டாவில் அவரைப் போல ஆயிரம் பேர். எல்லார் கதையையும் சேர்த்து இவர் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம். வயது 43. துணிக்கடை. மனைவி, பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகள், 22 வயதில் மூத்த மகன், வயதான அம்மா, ஒரு தம்பி.

வீடு ஒன்று. பாஸ்போர்ட் மூன்று தினுசு.

சுதந்திரம் வந்த கையோடு குடும்பத்தில் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. அண்ணன் உகாண்டா குடிமகன் ஆகட்டும், கடை லைசென்ஸுக்கு நல்லது. தம்பியும் அண்ணியும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலேயே இருக்கட்டும். அம்மாவிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது, அது கிடக்கட்டும். எந்தக் கால் வழுக்கினாலும் இன்னொரு காலை ஊன்றிக்கொள்ளலாம்.

நல்ல கணக்குதான். இடி அமீன் என்று ஒருவர் ஆட்சிக்கு வந்து, ஆசியர்கள் எல்லாரும் 90 நாளில் நாட்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்று கெடு வைப்பார் என்று யார் கண்டது?

குடியுரிமைச் சரிபார்ப்பு வரிசையில் என்ன நடந்தது என்று பார்த்தோம். பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறந்ததாக அவர் கொடுத்த காகிதம் அதற்கான கெடு தாண்டிப் பதிவாகியிருந்தது. அவ்வளவுதான், உகாண்டாக்காரர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரிட்டனிடம் போனால், நீங்கள்தான் எங்களை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்றது.

சரி, மனைவி பிரிட்டிஷ்தானே? அவரும் போய்க் கேட்டார். குடும்பத் தலைவர் யார் என்றார்கள். கணவர். அவர் பிரிட்டிஷா? இல்லை. அப்படியானால் பிரிட்டனுக்குள் நுழைய வவுச்சர் இல்லை!

பிரிட்டனின் அன்றைய சட்டத்தில் குடும்பம் என்றால் ஆண். அவன் நாடற்றவன் ஆனால், பெண் கையில் இருக்கும் பாஸ்போர்ட் குடும்பத்தைக் கரை சேர்க்காது. தம்பிக்கு வவுச்சர் கிடைத்தது. அம்மாவுக்குப் பம்பாய். மற்றவர்களுக்கு?

அங்கேதான் ரோஜர் செயின்ட் வின்சென்ட் வருகிறார்.

கனடாவுக்குக் கம்பாலாவில் தூதரகமே கிடையாது. பெய்ரூட்டில் குடியேற்ற அதிகாரியாக இருந்த மனிதரைப் பிடித்து, போய்க் கடையைத் திற என்று அனுப்பினார்கள். செப்டம்பர் 6-ஆம் தேதி திறந்தார். முதல் நாள் மட்டும் 2,500-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் கை மாறின. தலையை எண்ணினால் ஏழாயிரம் பேருக்கு மேல்!

இத்தனை கூட்டத்தை வாசலில் வைத்துச் சமாளிக்க முடியுமா? ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு நம்பர். நேர்காணலுக்கு வரவேண்டிய நம்பர்களை ‘உகாண்டா ஆர்கஸ்’ பேப்பரில் போட்டுவிடுவார்கள். நம் ஊரில் அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்று மாலைப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நம்பர் தேடுவோமே, அதேதான்.

நம் கடைக்காரரின் நம்பர் வந்துவிட்டது.

உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி. எதிரே அதிகாரி, மேஜைமேல் ஒரு தாள். நூறு மார்க்குக்குப் பரீட்சை. பாஸ் மார்க் ஐம்பது. எழுதுவது குடும்பத் தலைவர். அவர் தேறினால் மனைவியும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் கூடவே தேறிவிடுவார்கள்.

எத்தனை வருஷம் படித்தீர்கள்? பத்து. வருஷத்துக்கு ஒரு மார்க். பத்து.

வயது? 35 வரைக்கும் முழுசாகப் பத்து மார்க். அதற்கு மேல் வருஷத்துக்கு ஒன்று கழியும். 43-க்கு மிச்சம் இரண்டு.

ஆங்கிலம்? சரளம். ஐந்து. பிரெஞ்சும் தெரிந்தால் இன்னொரு ஐந்து. துணிக்கடையில் பிரெஞ்சுக்கு எங்கே போவது?

கனடாவில் வேலை கொடுக்க யாராவது காத்திருக்கிறார்களா? இல்லை. உறவினர்? இல்லை. அதிகாரியின் பேனா இரண்டு சைபர் போட்டது.

தொழில்? கடை. அதற்குக் கனடாவில் கிராக்கி? பேனா யோசித்துவிட்டு ஒன்று போட்டது. தொழில் திறமைக்கு நான்கு. போகப்போகும் ஊருக்கு மூன்று.

கூட்டினால் இருபத்தைந்து.

இனி ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. ஆளைப் பார்த்து அதிகாரி போடும் மார்க். ஊக்கம், சமயோசிதம், புது ஊரில் ஒட்டிக்கொள்ளும் குணம். அதிகபட்சம் பதினைந்து. வஞ்சனை இல்லாமல் பதினைந்தும் போட்டுவிட்டார் என்றே வையுங்கள்.

நாற்பது.

ஃபெயில்!

கடைக்காரருக்குத் தாள் தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனால் இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தவருக்குக் கூட்டுத் தொகை எந்தப் பக்கமிருந்தாலும் தெரியும். மனைவியைப் பார்த்தார். மனைவி அதிகாரியைப் பார்த்தார்.

பேனா நின்றது.

இந்த இடத்தில்தான் செயின்ட் வின்சென்ட் கையில் இருந்த துருப்புச் சீட்டைச் சொல்லவேண்டும். மார்க் குறைந்தாலும், ஆள் தேறுவான் என்று அதிகாரிக்குத் தோன்றினால் காரணம் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். சட்டத்திலேயே இடம் உண்டு. இந்த முறை அதைத் தாராளமாகவே பயன்படுத்துங்கள் என்று ஒட்டாவாவிலிருந்து சொல்லியும் அனுப்பியிருந்தார்கள்.

ஏன் இந்தத் தாராளம்? கனடாவின் அன்றைய பிரதமர் பியர் ட்ரூடோவுக்கு அக்டோபர் 30-ஆம் தேதி தேர்தல். அகதிகளை அழைத்து வந்தால் ஓட்டு கூடாது, குறையும். ஆனாலும் பிரிட்டன் கேட்டது. இஸ்மாயிலி மக்களின் தலைவர் ஆகா கான், ட்ரூடோவின் பழைய நண்பர், அவரும் பேசினார். இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலம் பேசும், கணக்குத் தெரிந்த, உழைத்துப் பழகிய மனிதர்களை ஒரு நாடு தெருவில் எறிகிறது. முதலில் குனிகிறவன் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம். கருணை பாதி, கணக்கு பாதி.

சரி, அறைக்குத் திரும்புவோம்.

உங்கள் மூத்த மகன் எங்கே?

வெளியே நின்றான். 21 தாண்டியவன், தனி விண்ணப்பம், தனி நம்பர். மகெரெரே பல்கலைக்கழகப் பட்டதாரி. படிப்புக்குப் பதினைந்து, வயதுக்கு முழுசாகப் பத்து, ஆங்கிலத்துக்கு ஐந்து. கணக்காளர் வேலைக்குக் கனடாவில் கிராக்கியும் இருந்தது. எப்படிக் கூட்டினாலும் ஐம்பதைத் தாண்டினான்.

படிக்க வைத்தவர் ஃபெயில். படித்தவன் பாஸ்.

இவனுக்கு மட்டும் விசா கொடுத்தால் என்ன ஆகும்? தம்பி லண்டனில், அம்மா பம்பாயில், மகன் கனடாவில். நடுவில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அப்பா, அவரை விட்டுப் போகமாட்டேன் என்னும் மனைவி, மூன்று பிள்ளைகள். கெடு முடிந்த மறுநாள் அமீனின் சிப்பாய்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். மார்க் கட்டத்தில் அல்ல. அதற்குக் கீழே, காரணம் எழுதும் இடத்தில். மகன் சம்பாதிப்பான். அப்பா எங்கே போனாலும் ஒரு கடையைத் திறந்துவிடுவார். ஐந்து பேருக்கும் கொடுக்கலாம்.

அடியில் கையெழுத்து!

அப்புறம் ராணுவ டாக்டர்கள், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. எல்லாவற்றையும் தாண்டினார்கள். செப்டம்பர் 27-ஆம் தேதி முதல் விமானம் மாண்ட்ரியலுக்கு என்றார்கள். மூட்டை கட்டவேண்டியதுதான் பாக்கி.

செப்டம்பர் 17. தான்சானியா எல்லையைத் தாண்டி, அமீன் கவிழ்த்த முன்னாள் அதிபர் ஒபோடேயின் ஆட்கள் துப்பாக்கியோடு உள்ளே புகுந்தார்கள்.

அமீனுக்கு வெறி பிடித்தது. சாலைக்குச் சாலை தடுப்பு. நான்கே நாளில், நாட்டின் தலைமை நீதிபதி கிவானுகாவை நீதிமன்றத்துக்குள் புகுந்தே இழுத்துக்கொண்டு போனார்கள். நீதிபதி கதியே இது என்றால் துணிக்கடைக்காரர் எம்மாத்திரம்?

எண்டெபே விமான நிலையம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். வழி நெடுகச் சிப்பாய்கள். வாட்ச் கண்ணில் பட்டால் வாட்ச், சங்கிலி கண்ணில் பட்டால் சங்கிலி. குடும்பத்துக்கு 50 பவுன் பணம்தான் அனுமதி. கூடுதலாக ஒன்று அகப்பட்டாலும் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். இறங்கியவர்கள் எல்லாரும் திரும்ப ஏறவில்லை.

இதெல்லாம் தெரிந்துதான், 26-ஆம் தேதி ராத்திரி, கணவர் கண்ணில் படாமல், அந்த அம்மாள் கல்யாண வளையல் ஆறையும் சப்பாத்தி மாவில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

முதல் தடுப்பில் சிப்பாய் கேட்ட முதல் கேள்வி: “தின்ன என்ன வைத்திருக்கிறாய்?”

(அடுத்த வாரம்)