உம்மம்மாவுக்கு ஒரு கோடு

காயல்பட்டினத்து வீட்டு மாடிப்படியில உம்மம்மா பாதியிலேயே நின்னுடுவாங்க. "வயசாச்சுல்லா" என்பாங்க. 2013ல சி.டி. எடுத்ததுல அயோர்ட்டிக் வால்வுல கால்சியம் அளவு 1500. மிதமான சுருக்கம்தான்னு அனுப்பிட்டாங்க.

பிறகு படிச்சப்பதான் விளங்குச்சு. நோய் முற்றினாலும் பெண்களோட வால்வுல கால்சியம் குறைவு, நார்த்திசு அதிகம். ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல் 2017லதான் கடுமைக்கான கோட்டைப் பிரிச்சுது: ஆணுக்கு 2000, பெண்ணுக்கு 1200. அப்போ 1500? ஆணுக்கு மிதம், உம்மம்மாவுக்குக் கடுமை!

வேடிக்கை பாருங்க. மிட்ரல் வால்வுல வெற்றியா நடந்த முதல் அறுவையே 12 வயசுச் சிறுமிக்குத்தான். 1923ல, பாஸ்டன்ல, எலியட் கட்லர் செஞ்சது. அயோர்ட்டிக் வால்வுல பெண்ணுக்குத் தனிக்கோடு வர இன்னும் 94 வருஷம்!

உம்மம்மா 2015லேயே மவுத்தாயிட்டாங்க. கடைசி வரை மாடிக்கு வரவே இல்ல.