மரக்காணம் உப்பளப் பகுதியில் மகளிர் குழுக் கடன்

மகளிர் குழுக் கடன் என்பது சொத்துப் பிணையம் இல்லாமல், குழுவின் பொறுப்பில் பெண்களுக்குத் தரப்படும் சிறுகடன். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் உப்பளக் கூலிக் குடும்பங்களும் மீனவக் குடும்பங்களும் இதை நாடுகின்றன.

வரலாறு
தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்களை அது அமைத்தது. 1991-92-இல், மரக்காணம் அப்போது அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் இந்தக் குழுத் திட்டம் வந்தது. வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. 1997-98-இல், குழு முறையை விரிவாக்கும் மாநில அரசின் ‘மகளிர் திட்டம்’ தொடங்கியது.

இயங்கும் முறை
ஒரு குழுவில் 12 முதல் 20 பெண்கள் இருப்பர். ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதிகள் இருவரும் கணக்கையும் வங்கி வேலையையும் கவனிப்பர். உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்து உள்கடன் தரப்படும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை தவணை என்பதைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு முடிவு செய்வர். வட்டி குழுவின் நிதியிலேயே சேரும். குழு ஒழுங்காக நடந்தால் வங்கிக் கடன் கிடைக்கும்.

தனியார் நுண்நிதி நிறுவனங்களின் குழு லோன் இதிலிருந்து வேறுபட்டது. அங்கே சேமிப்பு முதன்மையல்ல. கடன் தொகையும் தவணை நாளும் நிறுவனம் வகுப்பவை. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்மேல் சுமை விழும். அதனால் அக்கம்பக்கத்து உறவே வசூல் கருவியாகிவிடுகிறது.

உப்புப் பருவமும் தவணையும்
உப்பு வெயிலில் விளைவது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் நீர் தேங்கி, வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மரக்காணம் உப்பளங்களை மூழ்கடித்தது. கூலி நின்றாலும் தவணை நிற்பதில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் நிலைக்குப் பெண்கள் தள்ளப்படும் காலம் இதுவே. தமிழ்நாடு அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர்களுக்கு வழங்கும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் இந்த வருமான இடைவெளியைச் சிறிதளவே நிரப்பும்.

விதிகள்
2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் பிணையமற்ற கடனே நுண்கடன். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தவணைக் கால இடைவெளியைக் கடனாளியின் தேவைக்கேற்ப அமைக்கவும் நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டம் இயற்றியது.

உப்பளப் பெண்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது, தவணையை நெகிழ்த்தும் அந்த விதிதான். கோடையில் கூடுதலாகவும் மழைக்காலத்தில் குறைவாகவும் கட்டும்படி தவணையை வகுத்தால், அடுத்த கடனைத் தேடி அவர்கள் அலைய வேண்டியிராது.