மாரியும் வர்ஷாவும்

போன ஐப்பசியில் எனக்குப் பேத்தி பிறந்தாள். சென்னையில் இருக்கிற மகள் போனில், "வர்ஷான்னு பேரு வச்சிருக்கோம்ப்பா" என்றாள். "ஆச்சி பேரை வைக்கலையா?" என்று கேட்டேன். "மாரின்னா ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்கப்பா."

பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. அம்மா பேரு மாரியம்மாள். "சரிதாம் எய்யா, காலத்துக்குத் தகுந்த பேரு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போயிருச்சு.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்வதுதான்.

மாரி என்றால் மழை. சங்க காலத்திலேயே இருக்கிற சொல். புறநானூறு 107ஆம் பாட்டில் கபிலர், பாரி வள்ளலுக்கு ஈடாக மாரியைத்தான் வைக்கிறார். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் மழைக்காலத்துக்கு மாரி காலம் என்றுதான் பேரு.

மாரியம்மன் மழைக்கும் சாமி, அம்மை நோவுக்கும் சாமி. பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதற்கு முந்தி, பிள்ளை பிழைக்கணுமே என்று நேர்ந்துகொண்டு வைத்த பேருகள் எத்தனையோ. மாரிமுத்து, மாரியப்பன், முத்துமாரி என்று எங்க பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து பிறந்ததுதான் எங்கம்மாவும்.

சரி, வர்ஷா? சமஸ்கிருதத்தில் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிப்பார்கள்: வசந்தம், கிரீஷ்மம், வர்ஷம், சரத், ஹேமந்தம், சிசிரம். இதில் வர்ஷம்தான் மழைக்காலம். அதே சொல்லுக்கு ஆண்டு என்றும் அர்த்தம் உண்டு. ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரைக்கும் ஒரு ஆண்டு என்று எண்ணியிருக்கிறார்கள். நாம சொல்ற 'வருஷம்' அங்கேயிருந்து வந்ததுதான். "இந்த வருஷம் மழை இல்லை" என்று நாங்க புலம்பும்போது, மழையின் பேரை ரெண்டு தடவை சொல்லிவிடுகிறோம்!

ஆக, ஒரே மழைக்கு ரெண்டு பேரு. ஒண்ணு பட்டணத்துக்கு அழகாகக் கேட்கிறது, இன்னொண்ணு பட்டிக்காடாகக் கேட்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப எம்பேரைத்தான் வச்சிருக்கா, தெரியாம வச்சிருக்கா" என்று சிரிச்சது.

மகளிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பொங்கலுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வர்றேன்ப்பா. ஆச்சியை மாரின்னே கூப்பிடச் சொல்லுங்க" என்றாள்.